பெயர் தெரியாத பாக்டீரியா: ஆய்வகத்தின் முன் உள்ள வழிகளில் எதைத் தேர்வது?

அரிய பாக்டீரியாத் தொற்று ஒன்றை ஆய்வகம் இரண்டு வகைகளில் தவறவிடுகிறது. வளர்ந்திருப்பது இன்னதென்று தெரியவில்லை என்று அறிக்கை போவது ஒரு வகை. வேறொன்றின் பெயரைச் சுமந்துகொண்டு, ஐயத்துக்கு இடமே இல்லாதது போல அறிக்கை போவது இன்னொரு வகை. முதல் வகையில் மருத்துவர் மீண்டும் கேட்பார், இன்னொரு மாதிரி அனுப்புவார், மேல்நிலை ஆய்வகத்தின் உதவியை நாடுவார். இரண்டாம் வகையில் தேடல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பொருந்தாத மருந்து நோயாளியின் இரத்தத்தில் நாள்கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே இன்று கிடைக்கும் சோதனை முறைகளை ஒப்பிடும்போது, எது விரைவானது, எது செலவு குறைந்தது என்று கேட்பதற்கு முன்னால், ஒவ்வொரு முறையும் எங்கே தவறும், தவறும்போது அது நம் கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இங்கே முறைகளை அந்த அளவுகோலைக் கொண்டே எடைபோடுகிறேன்.

அதற்கு முன்பு ஒரு பிரிவினையைச் செய்துகொள்ள வேண்டும். பாக்டீரியா அகார் தட்டில் வளர்ந்து கையில் இருக்கிறதா, அல்லது தொற்று இருப்பதற்கான அறிகுறிகள் அனைத்தும் இருந்தும் வளர்ப்பில் எதுவும் வரவில்லையா? முன்னதில் கேள்வி ‘இது யார்?’ என்பது, பின்னதில் ‘யாராவது இருக்கிறார்களா?’ என்பது. ஒன்றுக்கு உகந்த கருவி மற்றொன்றுக்கு உதவாமல் போகலாம். இரண்டையும் ஒரே தராசில் வைத்து எது சிறந்தது என்று கேட்பதால்தான் கொள்முதல் கூட்டங்களில் பேச்சு திசைமாறிப் போகிறது.

தட்டில் வளர்ந்திருக்கும்போது

மிகப் பழைய வழி உயிர்வேதிச் சோதனை. பாக்டீரியா எந்தச் சர்க்கரையைப் புளிக்கவைக்கிறது, எந்த நொதியைச் சுரக்கிறது, எந்த அமினோ அமிலத்தைச் சிதைக்கிறது என்று வரிசையாகக் கேட்டு, விடைகளை ஓர் எண்ணாக மாற்றி, தரவுத்தளத்தோடு ஒப்பிடுவது இதன் அடிப்படை. இருபது சிறு கிண்ணங்கள் கொண்ட பட்டையாக இருந்தாலும், தானியங்கிக் கருவிக்குள் செருகும் அட்டையாக இருந்தாலும், தத்துவம் ஒன்றுதான். அன்றாடம் வரும் எஷெரிக்கியா கோலை, கிளெப்சியெல்லா போன்றவற்றுக்கு இது நன்றாகவே உழைக்கிறது. அரியவற்றில்தான் சிக்கல். பட்டியலில் இல்லாத, அல்லது பட்டியலில் மிகக் குறைவான மாதிரிகளால் மட்டுமே அறியப்பட்ட பாக்டீரியா ஒன்று வந்தால், கருவி தனக்குத் தெரிந்தவற்றுள் அதற்கு மிக நெருக்கமான பெயரை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. பல நேரங்களில் பக்கத்திலேயே உயர்ந்த நம்பகச் சதவீதத்தையும் அச்சிட்டுத் தருகிறது. அந்தச் சதவீதம் தரவுத்தளத்துக்கு உள்ளே இருக்கும் பெயர்களுக்கு இடையிலான ஒப்பீடு மட்டுமே. வெளியே வேறொன்று இருக்கக்கூடும் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை.

மெலியாய்டோசிஸ் என்ற கடும் தொற்றுநோயை உண்டாக்கும் பர்கோல்டேரியா சூடோமாலியை இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. 1910களின் தொடக்கத்தில் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் கிருஷ்ணசாமியும் விவரித்த இந்தக் கிருமி, உயிர்வேதி முறைகளில் பர்கோல்டேரியா செபாசியா என்றோ குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்றோ பெயர் பெற்றுவிடுவது பலமுறை பதிவாகியிருக்கிறது. பெயர் மாறினால் சிகிச்சையும் மாறிவிடும். மெலியாய்டோசிஸுக்குக் குறைந்தது பத்து முதல் பதினான்கு நாள்கள் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் நரம்பு வழியாகக் கொடுத்து, அதன் பின் மூன்று மாத அளவுக்குக் கோ-டிரைமாக்சசோலை வாய்வழி தொடர வேண்டும். அந்தப் பின்தொடர் சிகிச்சை இல்லாவிட்டால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். செபாசியா என்று அறிக்கை போன நோயாளிக்கு அந்த மூன்று மாதங்களைப் பற்றி யாரும் நினைக்கப்போவதில்லை.

இத்தனைக்கும் இந்தத் தவற்றைப் பிடிக்க விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை. இரத்த அகாரில் முதல் நாள் சிறிய, வழவழப்பான, சாம்பல் கலந்த வெண்ணிறக் காலனிகளாக (கிருமித் திட்டுகளாக) தோன்றுபவை மூன்று நான்கு நாள்களில் உலர்ந்து சுருக்கம் விழுந்த பரப்பைப் பெறுகின்றன. கிராம் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் கோல் வடிவக் கிருமியின் இரு முனைகளும் அழுத்தமாகவும் நடுப்பகுதி வெளிறியும், ஊக்கு ஒன்றைப் படுக்கவைத்தாற்போல இருக்கும். ஆக்சிடேஸ் நொதி இருப்பதைக் காட்டும் தாளில் தேய்த்த சில விநாடிகளில் ஊதா நிறம் வரும். முடிவாக, மருந்து வில்லைகள் வைத்த தட்டு: ஜென்டாமைசின் வில்லையின் விளிம்பு வரை, பாலிமிக்சின் வில்லையின் விளிம்பு வரை வளர்ச்சி நெருங்கி நிற்க, அதே தட்டில் கோ-அமாக்சிகிளாவ் வில்லையைச் சுற்றி மட்டும் அகன்ற தெளிவான வட்டம் இருக்கும். ஆக்சிடேஸ் நேர்மறையான கிராம் எதிர்க் கோல் (கிராம் சாயத்தில் இளஞ்சிவப்பாகும் கோல் வடிவக் கிருமி) ஒன்றில் இந்த மூன்று அடையாளங்களும் ஒருசேர அமைந்தால், கருவி என்ன பெயர் சொன்னாலும் அதை நிறுத்திவைக்க வேண்டும். மலேசியாவின் சரவாக் பகுதியில் ஜென்டாமைசினுக்குக் கட்டுப்படும் வகைகள் பரவலாக உள்ளன என்பதால், ஜென்டாமைசின் அடையாளம் இல்லாததை மட்டும் வைத்து மெலியாய்டோசிஸ் இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. இந்தக் கிருமியைப் பிரித்தெடுப்பதற்கான, ஜென்டாமைசின் கலந்த ஆஷ்டவுன் அகாரிலும் அந்த வகைகள் வளர மாட்டா.

உயிர்வேதி முறையைப் பற்றி என் கணிப்பு இதுதான்: அரியவற்றைப் பொறுத்தவரை அது தவறும்போது தவறுவதைக் காட்டிக்கொள்ளாத முறை. ஆனால் அதனுடன் கிராம் சாயம், ஆக்சிடேஸ், மருந்து வில்லைத் தட்டு ஆகிய மூன்றையும் படிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால், தவறு பெருமளவு வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது, புரதங்களின் எடையைக் கொண்டு கிருமியை அடையாளம் காணும் மால்டி-டாஃப். கடந்த பதினைந்து ஆண்டுகளில் மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகத்தின் அன்றாடத்தை இதைப் போல மாற்றிய கருவி வேறில்லை. உலோகத் தகட்டில் வரைந்த சிறு வட்டத்தில், பற்குச்சியின் நுனியால் தொட்டெடுத்த காலனியை மிக மெல்லிய படலமாகத் தேய்க்கிறார்கள். படலம் தடித்தால் முடிவு கெடும். அதன் மேல் லேசர் ஒளியை உறிஞ்சும் மேட்ரிக்ஸ் கரைசலை ஒரு மைக்ரோலிட்டர் விடுகிறார்கள். அது உலர்ந்து நுண்ணிய படிகங்களாக மாறுகிறது. தகட்டைக் கருவிக்குள் வைத்ததும் லேசர் ஒளி அந்தப் படிகங்களைத் தாக்க, பாக்டீரியாவின் புரதங்கள், பெரும்பாலும் ரைபோசோமைச் சேர்ந்தவை, மின்னேற்றம் பெற்று வெற்றிடக் குழாயில் பறக்கின்றன. எடை குறைந்தவை முன்னே, கூடியவை பின்னே வந்து சேரும் கால வேறுபாட்டிலிருந்து 2,000 முதல் 20,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரையிலான ஒரு நிறமாலை கிடைக்கிறது. அதுவே அந்தக் கிருமியின் கைரேகை. சில நிமிடங்களில் முடிவு வந்துவிடும். ஒரு மாதிரிக்கான பொருள் செலவு மிகக் குறைவு. கருவியின் விலைதான் பெரியது.

இங்கும் முடிவு தரவுத்தளத்தைத்தான் நம்பியிருக்கிறது. ஆனால் உயிர்வேதி முறைக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு: பரவலாகப் பயன்படும் ஒரு மதிப்பெண் முறையில் 2.0க்கு மேல் இருந்தால் சிற்றினம் வரை, 1.7க்கும் 2.0க்கும் இடையில் இருந்தால் பேரினம் வரை மட்டும், அதற்குக் கீழே போனால் எதையும் நம்பக் கூடாது என்று கருவியே பிரித்துச் சொல்லிவிடுகிறது. அறிமுகமில்லாத கிருமி வரும்போது தாழ்ந்த மதிப்பெண் வருவதே வழக்கம். ‘தெரியவில்லை’ என்று சொல்லும் பழக்கம் ஓரளவு உள்ளே கட்டப்பட்டிருக்கும் கருவி என்பதால்தான் நான் இதை உயிர்வேதி முறைக்கு மேலே வைக்கிறேன்.

ஓரளவு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எலிசபெத்கிங்கியா அனோஃபிலிஸ் என்ற பாக்டீரியா, காம்பியாவின் அனோஃபிலிஸ் கொசுவின் குடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 2011இல் விவரிக்கப்பட்டது. 2015இன் இறுதியிலும் 2016இலும் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பெரும்பாலும் முதியவர்களும் ஏற்கெனவே கடும் நோய் உள்ளவர்களுமாக 60க்கும் மேற்பட்டோரை அது தாக்கியது. பழைய தரவுத்தளங்களில் அந்தப் பெயர் இல்லாததால், கருவிகள் அதன் உறவினமான எலிசபெத்கிங்கியா மெனிங்கோசெப்டிகாவின் பெயரை, சில நேரங்களில் நல்ல மதிப்பெண்ணோடு, கொடுத்துவந்தன. இந்தத் தவறு பேரினத்துக்குள்ளேயே நிகழ்ந்ததால் சிகிச்சைக்குப் பெரிய கேடு வரவில்லை என்று கருதலாம். இரண்டுமே மெரோபெனெமுக்கும் கொலிஸ்டினுக்கும் இயல்பிலேயே கட்டுப்படாதவை. ஆனால் ஒரு தொற்றுக் கொத்து உருவாகிவருகிறதா என்பதைக் கண்டுகொள்ளச் சரியான சிற்றினப் பெயர் வேண்டும்.

அபாயத்தின் அளவே மாறிவிடும் தவறுகள் இதைவிட அஞ்சத்தக்கவை. அடிப்படைத் தரவுத்தளத்தை மட்டும் வைத்திருக்கும் மால்டி-டாஃப் கருவி, பர்கோல்டேரியா சூடோமாலியையைத் தீங்கு குறைந்த அதன் உறவினமான தாய்லாண்டென்சிஸ் என்று சொல்லிவிடலாம். உயிரிப் பாதுகாப்புக் காரணங்களால் அபாயகரமான கிருமிகளின் நிறமாலைகள் தனித் தொகுப்பில் வைக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். மனிதரிடம் தாய்லாண்டென்சிஸ் நோய் உண்டாக்குவது மிகமிக அரிது. ஆகவே அந்தப் பெயர் திரையில் வந்தாலே எச்சரிக்கை மணியாகக் கொள்ள வேண்டும். புரூசெல்லோசிஸ் காய்ச்சலை உண்டாக்கும் புரூசெல்லாவும் இப்படித்தான் ஆக்ரோபாக்ட்ரம் என்ற பெயரில் ஒளிந்துகொள்கிறது. 2020இல் வகைப்பாட்டியல் அறிஞர்கள் ஆக்ரோபாக்ட்ரம் பேரினத்தையே புரூசெல்லாவுக்குள் சேர்த்தபோது மருத்துவ நுண்ணுயிரியலாளர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தது நியாயமே என்று நினைக்கிறேன்: புரூசெல்லா ஆய்வகப் பணியாளருக்கே காற்றின் வழி தொற்றக்கூடியது, ஆக்ரோபாக்ட்ரம் மருத்துவமனைச் சூழலில் சாதாரணமாகத் தென்படுவது, பெயரில் இருந்த எச்சரிக்கை அந்த மாற்றத்தால் மழுங்கிவிட்டது.

இதையொட்டி ஒன்று. மெதுவாக வளரும், மிகச் சிறிய, மங்கலாகச் சாயமேறும் கிராம் எதிர்க் கோல்களைத் திறந்த மேசையில் தகட்டில் தேய்க்கவே கூடாது. உயிரிப் பாதுகாப்புப் பெட்டிக்குள், குழாயில் செயலிழக்கச் செய்து புரதத்தைப் பிரித்தெடுத்த பிறகுதான் கருவிக்குக் கொண்டுபோக வேண்டும். தட்டைத் திறந்து முகர்ந்து பார்த்து அடையாளம் காணும் பழைய வழக்கத்துக்கு எந்த ஆய்வகத்திலும் இடமிருக்கக் கூடாது.

மூன்றாவது, 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுவை, அதாவது ரைபோசோமின் ஒரு பகுதிக்கான மரபணுவை, வரிசைப்படுத்துவது (அதன் எழுத்துகளை வரிசையாகப் படிப்பது). ஏறத்தாழ 1,500 எழுத்துகள் நீளமுள்ள இந்த மரபணு எல்லா பாக்டீரியாக்களிலும் இருக்கிறது. சில பகுதிகள் அனைத்திலும் ஒன்றுபோலவும், இடையிடையே ஒன்பது பகுதிகள் இனத்துக்கு இனம் மாறுபட்டும் அமைந்திருக்கின்றன. மாறாத பகுதிகளில் பிடித்துக்கொண்டு மாறும் பகுதிகளைப் படித்தால், இதுவரை யாரும் காணாத பாக்டீரியாவுக்குக்கூட உயிரின மரத்தில் ஓர் இடம் கிடைத்துவிடும். கார்ல் வூஸ் 1977இல் உயிரினப் பெரும்பிரிவுகளையே மாற்றி எழுதியது இந்த மூலக்கூறைக் கொண்டுதான். ஏற்கெனவே பெயரிட்ட இனத்தோடு 98.7 விழுக்காட்டுக்குக் குறைவாக ஒத்துப்போனால் அது புதிய சிற்றினமாக இருக்கலாம் என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை.

மற்ற முறைகளுக்கு இல்லாத ஒரு நேர்மை இதற்கு உண்டு. கிடைத்த வரிசை தரவுத்தளத்தில் எதனோடு எத்தனை விழுக்காடு பொருந்துகிறது என்பது கண்முன் நிற்கிறது. 94 விழுக்காடுதான் பொருந்துகிறது என்றால் பெயர் தெரியவில்லை என்பதை மறைக்க வழியில்லை. ஆனால் உடன்பிறப்புகளை இது பிரிக்காது. பேசில்லஸ் ஆந்திராசிஸையும் பேசில்லஸ் சீரியஸையும், எஷெரிக்கியா கோலையையும் ஷிகெல்லாவையும், புரூசெல்லாவின் சிற்றினங்களையும், காசநோய்க் கூட்டத்தின் உறுப்பினர்களையும் 16எஸ் கொண்டு வேறுபடுத்த முடியாது. அங்கே ஆர்.பி.ஓ.பி., மைக்கோபாக்டீரியங்களானால் எச்.எஸ்.பி. 65 போன்ற வேறு மரபணுக்களைப் படிக்க வேண்டும். ஓரிரு நாள்கள் ஆகும் என்பதும், சொந்தமாக வரிசைப்படுத்தும் கருவி இல்லாத ஆய்வகத்துக்கு அனுப்பிப் பெறும் காலமும் சேரும் என்பதும் இதன் குறை. என் பார்வையில் அவை தாங்கக்கூடிய குறைகளே.

நான்காவது, மரபணுத்தொகுதி முழுவதையும் வரிசைப்படுத்துவது. இரண்டு தொகுதிகளின் சராசரி ஒற்றுமை 95, 96 விழுக்காட்டைத் தாண்டினால் ஒரே சிற்றினம் என்ற கணக்கு, 16எஸ் விட்டுவைக்கும் பெரும்பாலான ஐயங்களைத் தீர்த்துவிடும். இதன் உண்மையான வலிமை பெயரிடுவதைத் தாண்டி இருக்கிறது. 2021இல் அமெரிக்காவின் நான்கு வெவ்வேறு மாநிலங்களில், வெளிநாட்டுப் பயணமே செய்யாத நால்வருக்கு மெலியாய்டோசிஸ் வந்தது. அவர்களுள் இருவர் இறந்தனர். நால்வரின் கிருமியும் ஒரே மூலத்தைச் சேர்ந்தது என்றும், அது தெற்காசிய வகைகளோடு நெருக்கமானது என்றும் காட்டியது மரபணுத்தொகுதி ஒப்பீடு. இறுதியில், ஒரு நோயாளியின் வீட்டிலிருந்த நறுமணத் தெளிப்பானிலிருந்து அதே கிருமி கிடைத்தது. இதயத் திறப்பு அறுவைக்குப் பிறகு ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டிய மைக்கோபாக்டீரியம் கைமீராத் தொற்றுகள், அறுவை அரங்கில் இரத்தத்தின் வெப்பத்தைச் சீராக்கும் கருவிகளின் நீரிலிருந்து வந்தவை என்பதும் இவ்வாறே உறுதிப்பட்டது. ஆயினும் ஒரு நோயாளியின் இன்றிரவுச் சிகிச்சைக்கு இந்த முறை வேண்டியதில்லை. இரண்டாவது நோயாளி வரும்போதுதான் இது இன்றியமையாததாகிறது.

எதுவும் வளராதபோது

1976 ஜூலையில் பிலடெல்பியாவில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டுக்குப் பிறகு பரவிய நிமோனியாவுக்குக் காரணம் பல மாதங்கள் பிடிபடவில்லை. கிருமி வழக்கமான வளர்ப்பு ஊடகங்களில் வளரவில்லை. கிராம் சாயத்தில் சரியாகத் தெரியவும் இல்லை. 1977 ஜனவரியில் ஜோசஃப் மெக்டேடும் சார்லஸ் ஷெப்பர்டும் கினிப் பன்றிகளிலும் கருவுற்ற முட்டைகளிலும் வளர்த்து அதைப் பிடித்தனர். லெஜியோனெல்லா என்று பெயர் பெற்ற அந்தக் கிருமிக்குச் சிஸ்டீன் என்ற அமினோ அமிலமும் இரும்பும் வேண்டும் என்று தெரிந்த பின்னர், அவற்றைச் சேர்த்த கரி அகாரில் அது எளிதாகவே வளர்ந்தது. வளராத கிருமி என்று நாம் அழைப்பவற்றுள் ஒரு பகுதி, அதற்கு உகந்ததை நாம் கொடுக்காததால் வளராதவை. ஆகையால் மூலக்கூறு முறைகளுக்குத் தாவுவதற்கு முன், மருத்துவர் தம் ஐயத்தை விண்ணப்பத் தாளில் எழுதியிருக்கிறாரா, அதற்கேற்ற ஊடகமும் போதிய நாள்களும் கொடுக்கப்பட்டனவா என்று பார்ப்பதே முதல் வேலை.

அதன் பிறகு, கிருமிக்கு எதிராக நோயாளியின் உடல் உருவாக்கிய எதிர்பொருளை இரத்தத்தில் தேடும் எதிர்பொருள் சோதனை. மூலக்கூறு முறைகளின் புகழில் இதைப் பழையது என்று ஒதுக்கிவிடுகிறார்கள், அது தவறு. இரத்த வளர்ப்பில் எதுவும் வராத இதய வால்வுத் தொற்றில் காக்சியெல்லா பர்னட்டி, பார்டொனெல்லா ஆகிய இரண்டையும் தேட முதலில் செய்ய வேண்டியது இதுவே. காக்சியெல்லாவின் ‘முதற்கட்டம்’ (phase I) எனப்படும் வடிவத்துக்கு எதிரான ஐ.ஜி.ஜி. எதிர்பொருள் 1:800க்கு மேல் இருப்பது, வால்வுத் தொற்றை வரையறுக்கும் முதன்மை அளவுகோல்களுள் ஒன்றாகவே ஏற்கப்பட்டிருக்கிறது. தீவிரக் காய்ச்சலில் இது பின்னடையும்: எதிர்பொருள் உருவாக ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும், உறுதிப்படுத்த இரண்டாவது மாதிரி வேண்டும், உறவினக் கிருமிகளின் எதிர்பொருள்கள் ஒன்றையொன்று போலக் காட்டிக்கொள்ளும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எந்தக் கிருமி என்று முன்கூட்டி நினைக்கிறோமோ அதை மட்டுமே இதனால் கேட்க முடியும்.

குறிப்பிட்ட கிருமியின் டி.என்.ஏ.வைப் பெருக்கித் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கும் அதே எல்லைதான். ஒரே பெட்டியில் இருபது முப்பது கிருமிகளைத் தேடும் தொகுப்புச் சோதனைகள் ஒரு மணி நேர அளவில் முடிவு தருகின்றன. அந்த வேகம் நிமோனியாவிலும் மூளையுறை அழற்சியிலும் மிகவும் மதிப்புள்ளது. ஆனால் அந்தத் தொகுப்புகள் அடிக்கடி வருபவற்றுக்காகச் செய்யப்பட்டவை. ‘எதுவும் இல்லை’ என்ற முடிவுக்கு, ‘இந்தப் பட்டியலில் எதுவும் இல்லை’ என்பதே பொருள். அரியவற்றைத் தேடும் கருவியாக இதை வாங்குபவர்கள் ஏமாற்றம் அடைவார்கள். குறிப்பிட்ட ஐயம் வலுவாக இருக்கும்போது செய்யும் தனிச் சோதனைகள், சூடோமாலியையின் மூன்றாம் வகைச் சுரப்பு மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். போன்றவை, இதிலிருந்து வேறுபட்டவை. அவை மிக நம்பகமானவை.

எதை எதிர்பார்ப்பது என்றே தெரியாதபோது திசுவிலிருந்து நேரடியாக 16எஸ் படிப்பது பெரும் துணை. 1907இல் விப்பிள் விவரித்த குடல் நோய்க்குக் காரணமான டிரோஃபெரிமா விப்பிளியின் அடையாளம் 1992இல் இந்த வழியாகத்தான் நிலைபெற்றது; ஆய்வகத்தில் அதை வளர்க்க 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உண்ணி வழியே பரவும் நியோஎர்லிச்சியா மிகுரென்சிஸ் என்ற பாக்டீரியா மனிதரிடம் முதன்முறையாக 2010இல் சுவீடனில் பதிவானதும் இதே வழியில்தான். அந்த நோய் என்னை மிகவும் சிந்திக்கவைப்பது. நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைக்கப்பட்டவர்களுக்குத் திரும்பத் திரும்பக் காய்ச்சலும் இரத்தக் குழாய்களில் உறைவும் வரும்; இரத்த வளர்ப்பில் எதுவும் வராது; ஏற்கெனவே உள்ள நோயே முற்றுகிறது என்று கருதி எதிர்ப்பாற்றலை மேலும் குறைக்கும் மருந்துகளைக் கூட்டிவிடும் வாய்ப்பு உண்டு. உண்மையில் தேவைப்படுவது டாக்சிசைக்ளின் மட்டுமே. இரத்தத்தை 16எஸ் சோதனைக்கோ இதற்கென்றே உள்ள பி.சி.ஆர். சோதனைக்கோ அனுப்ப ஒருவர் நினைத்திருந்தால் அந்த நோயாளி சில வாரங்களில் நலமடைந்துவிடுவார்.

நேரடி 16எஸ் சோதனை, வழக்கமாக நுண்ணுயிர் இல்லாத இடங்களிலிருந்து எடுத்த மாதிரிகளில், அதாவது வால்வுத் திசு, மூட்டுத் திரவம், மூளைச் சீழ் போன்றவற்றில், நன்றாக வேலை செய்யும். சளியிலும் புண்ணின் மேற்பரப்பிலும் பயனற்றது. சீழில் பல கிருமிகள் கலந்திருந்தால் பழைய முறை வரிசைப்படுத்தலில் வரைபடத்தின் உச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து படிக்க முடியாமற்போகும். புதிய தலைமுறைக் கருவிகள் அவற்றைப் பிரித்துக் காட்டும். சோதனைப் பொருள்களிலேயே பாக்டீரியா டி.என்.ஏ. எச்சங்கள் இருக்கக்கூடும் என்பதால், மாதிரி எதுவும் சேர்க்காத வெற்றுக் குழாயையும் கூடவே ஓடவிடாத ஆய்வகத்தின் முடிவை ஏற்கக் கூடாது.

கடைசி வழி மெட்டாஜீனோமிக்ஸ், அதாவது மாதிரியில் உள்ள எல்லா டி.என்.ஏ.வையும் பாகுபாடின்றிப் படிப்பது. 2014இல் வெளியான ஒரு நோயாளி வரலாறு இதற்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது. பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குன்றிய 14 வயதுச் சிறுவனுக்கு மாதக்கணக்கில் மூளை அழற்சி. மூளைத் திசுவை எடுத்துப் பார்த்தும் காரணம் தெரியவில்லை. முதுகுத்தண்டு நீரில் படித்த 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைத் துண்டுகளில் 475 துண்டுகள் லெப்டோஸ்பைராவைச் சேர்ந்தவை. மாதிரி கிடைத்து 48 மணி நேரத்துக்குள் விடை வந்தது. பென்சிலின் கொடுத்ததும் சிறுவன் தேறினான்.

அந்தக் கதையை மட்டும் படித்துவிட்டுக் கருவி வாங்க எண்ணுபவர்கள், 2019இல் வந்த ஆய்வையும் படிக்க வேண்டும். மூளையுறை, மூளை அழற்சி நோயாளிகள் 204 பேரில் கண்டறியப்பட்ட 58 தொற்றுகளில் 13 இந்த முறையால் மட்டுமே வெளிப்பட்டன. அது சிறிய பயனல்ல. ஆனால் 26 தொற்றுகளை இந்த முறை தவறவிட்டது. அவற்றுள் 11 எதிர்பொருள் சோதனையால் பிடிபட்டவை. பழையது என்று ஒதுக்கப்படும் முறை, மிகப் புதிய முறை விட்ட இடத்தை நிரப்பியது. மாதிரியில் பெரும்பகுதி மனித டி.என்.ஏ.வாக இருப்பதும், எங்கும் இருக்கும் மாசுக் கிருமிகளுக்கு நடுவே உண்மையானதைப் பொறுக்கியெடுக்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும் என்பதும், செலவும் சேர்ந்து, இதை எல்லாம் கைவிட்ட நிலையில் நாட வேண்டிய வழியாகவே வைக்கின்றன. நோயாளி கடுமையாக நலிந்திருந்து, எதிர்ப்பாற்றல் குன்றியவராகவும் இருந்தால் மட்டும் இதை முன்கூட்டியே நாடுவது சரி.

ஆய்வகம் எதை வாங்குவது, எதை அனுப்பிப் பெறுவது

நடுத்தர அளவிலான மருத்துவமனை ஆய்வகம் ஒன்று ஒரே ஒரு பெரிய முதலீட்டைத்தான் செய்ய முடியும் என்றால், மால்டி-டாஃப் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். அதனுடன் தரவுத்தளத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் செலவை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும். புதுப்பிக்காத தரவுத்தளத்தோடு ஓடும் கருவி, வாங்கிய ஆண்டின் அறிவோடு நின்றுவிட்ட ஒன்று. வரிசைப்படுத்தும் கருவியைச் சொந்தமாக வாங்குவதை, மாதத்தில் ஒன்றிரண்டு மாதிரிகள் மட்டுமே அதற்குத் தகுதியாக வரும் ஆய்வகத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அரிதாக ஓட்டும் சோதனையில் கை பழகாது, கட்டுப்பாட்டு மாதிரிகள் வீணாகும், முடிவைப் படிக்கும் திறனும் தேயும். மாறாக, 16எஸ் சோதனையைத் தொடர்ந்து செய்யும் மேல்நிலை ஆய்வகம் ஒன்றோடு, எத்தனை நாளில் முடிவு, எந்த வெப்பநிலையில் அனுப்புவது, அவசர நேரத்தில் யாரை அழைப்பது என்பவற்றை முன்கூட்டியே உறுதி செய்துகொள்வது நல்லது. மால்டி-டாஃப் வாங்கவும் வசதியில்லாத ஆய்வகம் மனம் தளர வேண்டியதில்லை. கிராம் சாயம், ஆக்சிடேஸ், மருந்து வில்லைகள், இரண்டு மூன்று தேர்ந்த ஊடகங்கள், கூடவே ஐயப்படத் தெரிந்த ஒருவர் என்ற அமைப்பு, புதுப்பிக்கப்படாத கருவியை வைத்திருக்கும் ஆய்வகத்தைவிட அரியவற்றைப் பிடிக்கும் என்றே நம்புகிறேன்.

எப்போது மேலே அனுப்புவது என்பதற்கு எழுதப்பட்ட விதி வேண்டும். மால்டி-டாஃப் மதிப்பெண் 2.0க்குக் கீழே இருந்தால் அனுப்பலாம். ஆனால் அது மட்டும் போதாது. பெயரும் மருந்து உணர்திறனும் ஒன்றோடொன்று பொருந்தாதபோது, மனிதரிடம் நோய் உண்டாக்குவதாக அரிதாகவே அறியப்பட்ட பெயர் இரத்தத்திலிருந்தோ முதுகுத்தண்டு நீரிலிருந்தோ வரும்போது, இரண்டு முறைகள் இரண்டு பெயர்களைச் சொல்லும்போது, ஒரே விசித்திரமான பெயர் சில வாரங்களுக்குள் இரண்டாம் முறை தோன்றும்போது, மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரை அறிக்கையில் உறுதியான பெயரை அச்சிடாமல், ‘ஆக்சிடேஸ் நேர்மறையான கிராம் எதிர்க் கோல், சிற்றினம் உறுதிசெய்யப்படுகிறது, பர்கோல்டேரியா சூடோமாலியையை விலக்க இயலவில்லை’ என்பது போல எழுதலாம். சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்கு இந்த ஒரு வரி, 99 விழுக்காடு என்று அச்சிட்ட தவறான பெயரைவிடப் பன்மடங்கு உதவும்.

மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய ஒன்று பெரும்பாலும் விட்டுப்போகிறது: ஐயத்துக்குரிய கிருமிகளைக் கிளிசரால் கலந்த குழாயில் மைனஸ் 70 அல்லது 80 டிகிரியில் சேமித்துவைப்பது, வளராத மாதிரிகளின் மிச்சத்தையும் அப்படியே காப்பது. ஹாங்காங்கில், எலிசபெத்கிங்கியா மெனிங்கோசெப்டிகா என்று குறித்துவைக்கப்பட்டிருந்த இரத்தக் கிருமிகளைப் பின்னர் மரபணு வரிசையால் மீண்டும் பார்த்தபோது, அவற்றுள் பெரும்பாலானவை எலிசபெத்கிங்கியா அனோஃபிலிஸ் என்று தெரியவந்தது. உறைகலனில் அந்தக் குழாய்கள் இருந்ததால்தான் அந்த நோயாளிகளுக்கு உண்மையில் வந்தது எது என்று பின்னர் எழுத முடிந்தது.